பெடல் மைனர்

"புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒருவர் தன் சின்னக் காரின் பக்கத்தில் நின்று கேட்டால், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். சக்கரத்தைப் பார்ப்பீர்கள், கம்பெனி கொடுத்த அதே வீல் கப். சீட் கவர், ஸ்டீரியோ, டேஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாமே பழசு. "தெரியலையே சார்" என்று நீங்கள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி பரவும். டிரைவர் பக்கக் கதவைத் திறப்பார். "குனிங்க. இன்னும் கொஞ்சம். தலைய ஸ்டீரிங்குக்குக் கீழ விடுங்க." செல்போன் டார்ச்சை அடிப்பார். மண்ணும் ஒரு பழைய டோல்கேட் ரசீதும் கிடக்கிற அந்த இருட்டில் மூன்று அலுமினியத் துண்டுகள் பளபளக்கும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். மூன்றிலும் வரிசையாக ஓட்டைகள். ஆக்ஸிலரேட்டரில் மட்டும் சிவப்பு எழுத்தில் 'ஸ்போர்ட்' என்று இருக்கும்.

இவர்தான் பெடல் மைனர்.

அந்தக் காலத்து மைனருக்குக் கழுத்தில் சங்கிலி, விரலில் மோதிரம், தெருமுனையில் திரும்பும்போதே சென்ட் வாசனை. அத்தனையும் ஊர் பார்ப்பதற்காக. நம் மைனர் நேர்மாறு. அவருடைய அலங்காரத்தை ஊர் பார்க்க வேண்டுமானால் ஊர் குனிய வேண்டும். அவரே பார்க்க வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியாக வேண்டும். ஓடுகிற வண்டியில் பெடலைப் பார்ப்பவர் அதற்குப் பிறகு எதையும் பார்ப்பதற்கில்லை. காலுக்காவது தெரியுமா என்றால், நடுவில் செருப்பு இருக்கிறது.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ வேலை. அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் நடுவில் அந்த வண்டி இரண்டாம் கியரைத் தாண்டுவதே அபூர்வம். மூன்றாவது விழுந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ரோடு ஃப்ரீ" என்று அறிவிப்பார். பின்சீட்டில் அம்மா இருந்தால் நாற்பது கிலோமீட்டர் வேகம். அம்மா மடியில் சாம்பார்த் தூக்கு இருந்தால் இருபது.

இந்த மனிதருக்கு ஏன் ரேஸ் பெடல் என்று கேட்பவர்கள் சமீபகால வரலாறு தெரியாதவர்கள். காரை அலங்கரிக்கும் ஆசை அவருக்கு வெளியிலிருந்துதான் தொடங்கியது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார். 2012-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது, உரித்தார். முன்னால் தடித்த கம்பி பம்பர் மாட்டினார். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதையும் கழற்றச் சொன்னது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. பின்னால் இருந்த ஸ்பாய்லர் மட்டும் சட்டத்தால் போகவில்லை. "துணி காயப்போடற கம்பி மாதிரி இருக்கு, எடுத்துடுங்க" என்று வீட்டம்மா சொன்னதால் போனது. இப்படிச் சுற்றி வளைக்கப்பட்ட ஒரு கலைஞன் எங்கே போவான்? டேஷ்போர்டுக்கு அடியில் போனான். டிராஃபிக் போலீஸ்காரர் கண்ணாடியைப் பார்ப்பார், நம்பர் பிளேட்டைப் பார்ப்பார், வாயை ஊதச் சொல்வார். குனிந்து பெடலைப் பார்த்த போலீஸ்காரர் இன்னும் பிறக்கவில்லை.

வம்ச பாத்தியதையும் உண்டு. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாளில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து புழுதி தின்றவர் அவர். பிறகு 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் வந்து, 1998-ல் சான்ட்ரோ என்கிற குடும்பக் கார் வெளியே உருண்டது. ஒரே ஊரில் ஒரு பக்கம் பந்தயத் தடம், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பைகளுக்கும் பாட்டிகளுக்குமான கார். நம் மைனரின் மனசு இந்த இரண்டு காம்பவுண்டுகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. 2005-ல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் இறங்கினார். அதே வருஷம் இந்தியாவில் ஸ்விஃப்ட் கார் இறங்கியது. மைனர் இரண்டையும் ஒரே செய்தியாக எடுத்துக்கொண்டார்.

ஓட்டைகளைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், "வெயிட் ரிடக்‌ஷன் சார்" என்பார். பந்தயக் கார்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஒவ்வொரு கிராமாகக் குறைக்கிறவர்கள், பெடலிலும் துளை போடுவார்கள். நம்மவர் செய்திருப்பது வேறு. இருக்கிற பெடலின் மேல் இன்னொரு தகட்டை முடுக்கியிருக்கிறார். அந்தத் துளைகள் வழியாகப் பார்த்தால் பழைய பெடல்தான் தெரியும். உலகத்திலேயே எடை கூட்டுகிற ஓட்டைகள் அவரிடம்தான் இருக்கின்றன.

அடுத்தது ஹீல் அண்ட் டோ. வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, அதே பாதத்தின் ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலரேட்டரைத் தட்ட வேண்டும். இடது கால் கிளட்சில். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது இன்ஜின் வேகம் சக்கரத்தின் வேகத்துக்கு ஏறிவந்து, கியர் உதறாமல் விழும். பெரிய வித்தை. மைனருக்கு இதன் கணக்கு முழுவதும் அத்துப்படி. பாடி மேம்பாலத்துக்குக் கீழே, முன்னால் மாநகரப் பேருந்தும் பின்னால் தண்ணி லாரியும் நிற்க, மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். செய்து காட்டுங்கள் என்று மச்சான் கேட்க மாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இனி கொள்முதல். சென்னையில் இதற்கென்றே அண்ணா சாலையை ஒட்டி ஜி.பி. ரோடு இருக்கிறது, முழுப்பெயர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. யார் அந்த ஜெனரல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வண்டி வேகம் குறைந்தாலே நாலு பையன்கள் ஓடிவருவார்கள். "அண்ணே, சீட் கவரா? மேட்டா? 7டி மேட் வந்திருக்கு." உலகத்துக்கு மூன்று பரிமாணம் போதும், ஜி.பி. ரோட்டு மேட்டுக்கு ஏழு வேண்டும். மைனர் கண்ணாடியை இறக்கி, குரலையும் இறக்கி, "பெடல் கிட் இருக்கா?" என்பார்.

"மேனுவலாண்ணே, ஆட்டோமேட்டிக்கா? மேனுவலுக்கு மூணு பீஸ், ஆட்டோக்கு ரெண்டு."

"ஒரிஜினலா?"

"இத்தாலிண்ணே."

அட்டைப்பெட்டியில் கொடியும் இத்தாலிதான். விலையைச் சொன்னதும் இத்தாலி எங்கே இருக்கிறது என்று மைனருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் பேரம் பேசி இன்னும் நூறு ரூபாய் கிழக்கே தள்ளிவிட்டுத்தான் வாங்குவார்.

கடைப் பையனே பத்து நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவான். மைனர் சம்மதிக்க மாட்டார். "நாமளே ஃபிட் பண்ணாத்தான் ஃபீல்." ஞாயிற்றுக்கிழமை காலை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அந்த வைபவம் நடக்கும். பெடலுக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் மல்லாந்து, முதுகு கதவு விளிம்பில் அழுந்த, தலை பிரேக்குக்கு அடியில் இருக்க, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த நெருக்கடிக்கும் ஒரு காரணம் உண்டு. அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்கிற சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். கம்பெனிகளும் வண்டியை நாலு மீட்டருக்குள் அடக்கிப் பிடித்தன. அப்படி மிச்சம் பிடித்த இடமெல்லாம் மைனரின் தலையும் தொந்தியும் நுழைய வேண்டிய இடம் என்று யாருக்குத் தெரியும்?

அல்லன் கீ கை தவறி சீட்டுக்கு அடியில் போகும். வாயில் கவ்விய டார்ச் மூக்குக்குள் அடிக்கும். இரண்டு கால்கள் மட்டும் அசையாமல் வெளியே தொங்குவதைப் பார்த்து வாட்ச்மேன் ஓடிவருவார்.

"சார்! சார்! என்னாச்சு சார்?"

"ம்ம்ம்" என்று வரும் பதில்.

"அம்மா! சாருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து நிதானமாக ஒரு குரல் வரும். "ஒண்ணும் ஆகல அண்ணே, நல்லாத்தான் இருக்கார். என்னங்க, அப்படியே அந்த சீட்டுக்கு அடியில என் தோடு திருகாணி கிடக்கான்னு பாருங்க."

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. கிளட்சிலும் பிரேக்கிலும் கம்பெனி போட்டிருக்கிற ரப்பர், இரும்புத் தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். அழகாக இல்லாவிட்டாலும், மழையில் நனைந்த செருப்பையும் வழுக்காமல் பிடிக்கும். அதன் மேல் தகடு ஏறும்போது பெடல் சில மில்லிமீட்டர் உயர்கிறது, அகலமும் கூடுகிறது. பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு பாதத்தின் பழக்கத்துக்காக விடப்பட்டது. அது குறைந்தால் ஒன்றை மிதிக்கிற ஷூ இரண்டையும் மிதிக்கும். ஆக்ஸிலரேட்டர் பல சின்னக் கார்களில் வெறும் பிளாஸ்டிக். பல சமயம் துளை போட்டு முடுக்கினால்தான் தகடு நிற்கும், அந்தத் துளையிலேயே விரிசல் விடலாம். திருகு லூஸாகித் தகடு சரிந்து பிரேக்குக்கு அடியில் புகுந்துகொண்டால், அன்றைக்கு ஸ்போர்ட்டும் இல்லை, வெயிட் ரிடக்‌ஷனும் இல்லை. அந்த 7டி மேட் தகட்டின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டாலும் அதே கதி. விலை கூடிய சில கார்களில் கம்பெனியே அலுமினியப் பெடல் வைக்கிறது என்று மைனர் வாதாடுவார். வைக்கிறதுதான், அதில் ரப்பர் குமிழ்கள் பதித்து, அளவெடுத்து, பெடலோடு பெடலாகச் செய்திருப்பார்கள். "சார், பிரேக் மிதிக்கறதுக்கு" என்று தெருமுனை மெக்கானிக் ஒரே வரியில் சொன்னதை மைனர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கட்சி மெக்கானிக் கட்சி.

மாட்டிய பிறகு வாழ்க்கை மாறும். கீறல் விழும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவார். வெறுங்காலோடு கார் ஓட்டுவது நம் ஊரில் புதிதில்லை, ஆனால் மற்றவர்கள் வசதிக்காக ஓட்டுகிறார்கள், இவர் பயபக்தியோடு. சர்வீஸுக்கு விடும்போது, ஜாப் கார்டில் 'பெடல் பத்திரம்' என்று எழுதச் சொல்வார். ஹோட்டல் வாசலில் வண்டியை எடுத்து நிறுத்த வரும் பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்ப்பார்.

பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனது தனிக்கதை. புது வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் இந்தப் பழசும் நின்றது. பூசாரி பானட்டில் சந்தனம் வைத்தார், ஸ்டீரிங்கில் வைத்தார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"சாமி, பெடலுக்கும் ஒரு பொட்டு."

பூசாரி குனிந்து பார்த்தார். "வெச்சுடறேன். அப்புறம் அது மேல எப்படிக் கால வெப்பீங்க?"

மைனர் யோசிக்கவே இல்லாத கோணம் அது. குங்குமத்தை மிதிக்கக் கூடாது. மிதிக்காமல் வண்டி நகராது. பின்னால் ஒரு புது இன்னோவாக்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் பூசாரியே விபூதியைக் கொஞ்சம் எடுத்து, மூன்று பெடலையும் நோக்கிக் காற்றில் ஊதி விவகாரத்தை முடித்தார்.

வண்டியை விற்கிற நாளும் வந்தது. வாங்க வந்தவர் டயரைத் தட்டினார், ஆயில் பார்த்தார், கிலோமீட்டரைச் சந்தேகப்பட்டார். பெடல் பக்கம் திரும்பவே இல்லை. அன்று ராத்திரியே மைனர் மறுபடி மல்லாந்து படுத்துத் தகடுகளைக் கழற்றினார். அடியில் பத்திரமாக இருந்த பழைய ரப்பர்களைத் துடைத்து வண்டியை அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரம் ஷோரூம். விற்பனைப் பையன் மைலேஜ் சொன்னான், ஆறு ஏர்பேக் சொன்னான், திரையைத் தொட்டுப் பாட்டு போட்டான். மைனர் பையிலிருந்து மூன்று தகடுகளையும் எடுத்துக்கொண்டு கதவோரம் மண்டியிட்டார்.

"சார், இது ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கிடையாது. ரெண்டு பீஸுக்குத்தான் இடம்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தம்பி, இந்த இடது கால் வைக்கிற மேடை பிளாஸ்டிக்கா, இரும்பா?"