பலூன் மாட்டுவது எப்படி?

உங்கள் மூன்று ஆக்சில் ட்ரெய்லரில் ஸ்பிரிங் பட்டை முறிவது வாடிக்கையாகிவிட்டது. 2018இல் மத்திய அரசு மூன்று ஆக்சிலுக்கும் சேர்த்து ஏற்றக்கூடிய பாரத்தை 24 டன்னிலிருந்து 27 டன்னாக உயர்த்தியது. நீங்கள் அதை 35 என்று வாசித்துக்கொண்டீர்கள். பட்டைக்கு வாசிக்கத் தெரியாது, முறிந்தது. இனி பட்டையே வேண்டாம், ஏர் சஸ்பென்ஷன் போட்டுவிடுவோம் என்று ஆறு பலூனும் மற்ற சாமானும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியாகிவிட்டது. நல்ல முடிவு. பணம் செலவழித்தவர் கவனத்தையும் செலவழிக்க வேண்டுமென்று சட்டம் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மானுவலை எடுத்து வண்டிக்கடியில் விரித்துப் படுங்கள். முதுகில் மண் ஒட்டாது.

1. இடம் பாருங்கள். கான்கிரீட் தரை உள்ள பட்டறை நாமக்கல், சங்ககிரி பக்கம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே போனால் வரிசையில் நிற்க வேண்டும். நேற்று மழை பெய்த காலி மனை ஒன்றைப் பிடியுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடாதீர்கள், வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது? ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டுக்குப் பதில் இரண்டு செங்கல். ஆடுகிறதா என்று பார்க்கக் கிளீனர் பையனை உள்ளே அனுப்புங்கள்.

2. பழையதைக் கழற்றாதீர்கள், கேஸ் கட்டரால் அறுங்கள். ஹேங்கரோடு சேஸிஸிலும் ஒரு கடி விழும். விழட்டும், பிறகு வெல்டு வைத்து நிரப்பிக்கொள்ளலாம். பழைய யூ போல்ட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏன் என்று ஐந்தாவது படியில் தெரியும்.

3. வெல்டிங். பேட்டரி வயரைக் கழற்றுவதும் ஏ.பி.எஸ். பெட்டியின் கனெக்டரைப் பிடுங்குவதும் பயந்தவர்கள் வேலை. எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்தில் போடச் சொல்வார்கள். நீங்கள் கை எட்டிய பிரேக் டிரம்மில் மாட்டுங்கள். கரண்ட் வீல் பேரிங்கைக் கடந்து போய் வரும். பேரிங் உருளையில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழும், ஆனால் அது உள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? மெயின் பீமின் அடிப்பட்டியில் குறுக்காக ஒரு வெல்டு ஓட்டுங்கள். பாரம் ஏறியதும் அதிகம் இழுபடுகிற இடம் அதுதான். விரிசலுக்கு ஆரம்பப்புள்ளி தேடி அலையும் சிரமம் மிச்சம். பலூனை முதலிலேயே மாட்டிவிட்டு வெல்டு அடித்தால், ரப்பரில் தீப்பொறி விழுந்து எப்படிச் சுருங்குகிறது என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.

4. அலைன்மென்ட். வேலையில் இதுதான் முக்கியமான கட்டம். முறைப்படி செய்பவர்கள் கிங் பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடிப்பார்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பார்கள். முதல் ஆக்சிலை வைத்து மற்ற இரண்டையும் அளப்பார்கள், அங்கே 1.5 மில்லிமீட்டர்தான் அனுமதி. இவ்வளவு பெரிய வண்டிக்கு நகைக்கடைத் தராசு! உங்களுக்குக் கண் இருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளி நில்லுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள், "நேராத்தான் இருக்கு" என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் பழைய ஹேங்கரின் துருத் தடத்தைப் பாருங்கள். அது மூன்று வருடத்துக்கு முன் ஒரு பாலத்தில் இடித்துக் கோணியது என்பதை இப்போது நினைக்க வேண்டாம். இனி ட்ரெய்லர் ரோட்டில் கொஞ்சம் குறுக்காகவே போகும். டயர் ஒரு பக்கமாக மேயும். டயர்க்கடைக்காரர் உங்களைக் கண்டதும் டீ சொல்லுவார்.

5. யூ போல்ட். புதுசு போடச் சொல்கிறது மானுவல். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுமுறை அதே பிடி பிடிக்காதாம். எடுத்து வைத்த பழையதைப் போடுங்கள். டார்க் ரென்ச்சைத் தொடாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கென்று வாங்கியது அது. ஸ்பானரில் ஆறடி பைப்பைச் சொருகி, பட்டறையிலேயே கனமான ஆளைத் தொங்கவிடுங்கள். நாலு நட்டையும் மாற்றி மாற்றிக் குறுக்காக முறுக்க வேண்டாம், ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். லோடு ஏற்றிக் கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி இறுக்கச் சொல்வார்கள். கழன்று போகும்போது தானாகத் தெரியும்.

6. ஹேங்கரில் ஆர்ம் மாட்டும் புஷ் போல்ட்டை, ஆக்சில் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக இறுக்குங்கள். வண்டி தரையில் இறங்கி, ஓடுகிற உயரத்துக்கு வந்தபின்தான் இறுக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. உங்கள் முறையில் ரப்பர், பிழிந்த ஈரத்துணியை முறுக்கோடு கட்டி வைத்தது போல நிரந்தரமாகத் திருகி நிற்கும். கிழியும்வரை உழைக்கும்.

7. காற்று லைன். பிரேக் டாங்குக்கும் பலூனுக்கும் நடுவே ஒரு பாதுகாப்பு வால்வு பெட்டியில் இருக்கும். பலூன் வெடித்தாலும் பிரேக்குக்கு வேண்டிய காற்றைப் பிடித்து வைப்பதற்காக. உங்கள் பலூன் எதற்கு வெடிக்கிறது? வால்வைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு டீ கனெக்டர் போட்டு இழுங்கள். பிரேக் ஹோஸைப் புது உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டாம், டயரில் உரசி உரசி அது தன் வழியைக் கண்டுபிடிக்கும். இந்த வண்டியை முதல் பயணமாகத் தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு அனுப்புங்கள். முழு லோடு.

8. ஷாக் அப்சார்பர் போடாமல் மிச்சம் பிடியுங்கள். ஆக்சில் பள்ளத்தில் தொங்கும்போது பலூன் பிய்ந்து போகாமல் தடுப்பதும் அதுதான் என்பது உண்மை, ஆனால் விலை? லெவலிங் வால்வின் கம்பியைக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள்.

9. பேப்பர். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைக்க அனுமதி வாங்கச் சொல்கிறது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கூடுதல் லோடு தனிக் கணக்கு: 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. எஃப்.சி. காட்டும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்காதபடி அடியில் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். வெல்டின் மேல் இரண்டு கோட்.

10. டிரைவர் போன் செய்வார். "முதலாளி, வண்டி ஒரு பக்கமாவே இழுக்குதுங்க." "அப்ப நீ மறுபக்கமா ஓட்டுப்பா" என்று சொல்லி வையுங்கள். டயர் கம்பெனி, ரோடு, டிரைவர், திருஷ்டி என்ற வரிசையில் பழியைப் போடுங்கள், வரிசை மாறக் கூடாது. மெக்கானிக்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அவருக்கு இப்போதுதான் அனுபவம் வந்திருக்கிறது. இரண்டாவது ட்ரெய்லரை உள்ளே விடச் சொல்லுங்கள்.