எல்லையில் ஓர் ஆஸ்பத்திரி, வாசலில் ஒரு பலகை

பிரான்சும் ஸ்பெயினும் 1635-ல் ஆரம்பித்த சண்டை 1659 வரை ஓடியது. சரியாக 24 வருடம். அடித்து அடித்துக் கை வலித்த பிறகு சமாதானம் பேசலாம் என்று இரண்டு தரப்பும் இறங்கி வந்தன. பிரான்சின் சார்பில் கார்டினல் மஸாரன், ஸ்பெயினின் சார்பில் லூயிஸ் தெ ஆரோ. இருவரும் உட்கார்ந்த கூட்டங்கள் மொத்தம் 24. வருடத்துக்கு ஒரு கூட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

எங்கே உட்காருவது என்பதில்தான் முதல் சிக்கல். உன் ஊருக்கு நான் வந்தால் எனக்குக் கௌரவக் குறைச்சல், என் ஊருக்கு நீ வந்தால் உனக்கு. ஆகவே எல்லையில் ஓடும் பீதாசோவா ஆற்றின் நடுவே இருந்த ஃபெசன்ட் தீவைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு பாலம், அந்தப் பக்கம் ஒரு பாலம். நடுவில் ஒரு மண்டபம். அவரவர் வாசல் வழியாக வந்து, அவரவர் பாதியில், அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம். சொந்த நாட்டை விட்டு ஓர் அங்குலம் நகர வேண்டியதில்லை. எல்லை தாண்டிய வளர்ச்சித் திட்டம் என்று இன்றைக்கு எதைச் சொல்கிறார்களோ, அதற்கு வேண்டிய எல்லாம் அன்றைக்கே அந்தத் தீவில் தயார்: இரண்டு அரசாங்கம், பொதுப்பணம், பந்தல், முடிவே இல்லாத கூட்டம். வளர்ச்சி மட்டும் பாக்கி.

ஒப்பந்தத்தோடு ஒரு கல்யாணமும் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, பெண் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா. லூயியின் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள்; லூயியின் அப்பாவும் பெண்ணின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். நம்மூர் கணக்கில் மாமன் மகளும் அவளே, அத்தை மகளும் அவளே. இதைவிடப் பக்காவான முறைப்பெண்ணை எந்தத் தரகரும் கொண்டுவர முடியாது.

சீர் 5 லட்சம் தங்கக் காசு என்று எழுதினார்கள். அந்தத் தொகை வந்துசேர்ந்தால், ஸ்பெயின் சிம்மாசனத்தின் மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பெண் எழுதிக் கொடுத்தது செல்லும். ஸ்பெயின் கஜானாவிலோ பூனை படுத்திருந்தது. சீர் வரவே இல்லை. பங்குத்தொகை வராததால் நின்றுபோன கூட்டுத் திட்டங்களின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. இன்றைக்கு இப்படி நடந்தால் நினைவூட்டல் கடிதம் அனுப்புவார்கள். லூயி 1667-ல் படையை அனுப்பினார். மாமனார் கண்ணை மூடிய பிறகு, சீர் பாக்கியைச் சாக்காகச் சொல்லி, ஸ்பெயின் வசம் இருந்த நெதர்லாந்துப் பகுதிகளுக்குள் புகுந்துவிட்டார்.

திட்டம் என்று ஒன்று இருந்தால் விளம்பரம் வேண்டாமா? 1660-ல் பெண்ணை ஒப்படைக்கும் வைபவத்துக்குத் தீவில் ஸ்பெயின் பக்க மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு அரண்மனை அதிகாரி ஒருவர் தலையில் விழுந்தது. அவர் பெயர் தியேகோ வெலாஸ்கெஸ். ஆமாம், உலகமே கொண்டாடும் அந்த ஓவியர்தான். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் திரைச்சீலைக்கும் தங்கும் விடுதிக்கும் அலைந்தார். ஜூன் மாதம் நிகழ்ச்சி ஜாம்ஜாமென்று நடந்தது. மாட்ரிட் திரும்பியவர் காய்ச்சலில் படுத்து, ஆகஸ்ட் 6 அன்று போய்ச் சேர்ந்தார். எல்லைத் திட்ட விளம்பர அதிகாரிகள் யாராவது வேலைப் பளுவைப் பற்றிப் புலம்பினால், முன்னோடியின் கதை இது என்று சொல்லி வைக்கலாம்.

அந்தத் தீவு யாருக்கு என்பதை மட்டும் பிற்பாடுதான் தீர்த்தார்கள். பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுக்கு, ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்சுக்கு. இன்றைக்கும் அப்படித்தான். ஆள் இல்லாத தீவு என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆள் இருந்த இடங்களில் கதை வேறு. ஒப்பந்தப்படி பிரனீஸ் மலைத்தொடரில் புதிய எல்லை போட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் செர்தான்யா என்று விசாலமான ஒரு பள்ளத்தாக்கு. அதிலிருந்து 33 கிராமங்கள் பிரான்சுக்கு என்று 1660-ல் முடிவானது. எண்ணிக்கொண்டே வந்தவர்கள் லியிவியா என்ற ஊரில் வந்து முட்டினார்கள். 'நிறுத்துங்கள், நாங்கள் கிராமம் இல்லை, நகரம். எங்களிடம் பட்டயம் இருக்கிறது' என்றது ஸ்பெயின் தரப்பு. எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே இருந்தது. பட்டயம் பட்டயம்தானே? சுற்றியிருந்த கிராமங்கள் எல்லாம் பிரான்சுக்குப் போக, லியிவியா மட்டும் ஸ்பெயினில் நின்றது. சுமார் 13 சதுர கிலோமீட்டர் நிலம், நாலாபக்கமும் பிரான்ஸ். ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

லியிவியாவிலிருந்து பக்கத்து ஸ்பெயின் ஊரான புய்ச்செர்தாவுக்குப் போக பிரெஞ்சு மண்ணைக் கடந்து ஒரு பொதுச்சாலை உண்டு. அதில் தடையில்லாமல் போய்வரலாம் என்பது உடன்படிக்கை. 1970-களில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சாலை தங்கள் சாலைகளைக் குறுக்கே வெட்டும் இடங்களில் 'நில்' என்று பலகை நட்டார்கள். தடையில்லாத சாலையில் நில் என்றால் என்ன நியாயம்? ராத்திரியோடு ராத்திரியாக லியிவியாக்காரர்கள் பலகையைப் பிடுங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி நட்டார்கள். இவர்கள் மறுபடி பிடுங்கினார்கள். உள்ளூர்ச் சரித்திரத்தில் இதற்கு 'ஸ்டாப் யுத்தம்' என்றே பெயர். உயிர்ச்சேதம் இல்லை, பலகைச் சேதம் மட்டும். கடைசியில் ஒரு சந்திப்பில் மேம்பாலமும் இன்னொன்றில் ரவுண்டானாவும் வந்து தகராறு ஓய்ந்தது.

இதற்குள் ஐரோப்பா திருந்த ஆரம்பித்திருந்தது. ஜெர்மனியின் க்ரோனாவும் நெதர்லாந்தின் என்ஷெடேயும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டுமே நூல், துணி ஆலைகளை நம்பிப் பிழைத்தவை. ஆலைகள் தள்ளாட, இரண்டும் சேர்ந்து தள்ளாடின. இரண்டு தலைநகரங்களும் இந்தக் கடைக்கோடி ஊர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1958-ல் அந்தப் பகுதி உள்ளாட்சிகள் கைகோத்து 'யூரேகியோ' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. உலகப்போர் முடிந்து 13 வருடம்தான் ஆகியிருந்தது. நேற்று வரை ஆக்கிரமித்தவனோடு உட்கார்ந்து காபி குடிப்பதே அன்றைக்குப் பெரிய காரியம். இந்த ஒரு இடத்தில் நான் கிண்டல் செய்யப்போவதில்லை.

1990-ல் ஐரோப்பிய ஆணையம் பையை அவிழ்த்தது. திட்டத்தின் பெயர் 'இன்டர்ரெக்'. முதல் சுற்றில் சுமார் 110 கோடி எகூ (யூரோவுக்கு முந்தைய கணக்குப் பணம்). 2014-20 சுற்றில் அது ஆயிரம் கோடி யூரோவைத் தொட்டது. பணம் வருகிறது என்றதும் எல்லையின் இரண்டு பக்கமும் திடீரென்று பாசம் பொங்கியது. ஆரம்பச் சுற்றுகளில் நடந்த பித்தலாட்டம் எளிமையானது. 'உன் ஊரில் நீ ஒன்று கட்டு, என் ஊரில் நான் ஒன்று கட்டுகிறேன், மேலே மட்டும் கூட்டுத் திட்டம் என்று எழுதிக்கொள்வோம்.' இரண்டு பேரும் முதுகைக் காட்டி நின்றே கூட்டாளிகள் ஆனார்கள். பிறகுதான் ஆணையத்துக்கு உறைத்தது. 2007 முதல் யாராவது ஒருவர் முதன்மைப் பங்காளியாக முன்னால் நின்று, எல்லோருடைய கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதுவரை உற்சாகமாக இருந்தவர்கள் பலர் அன்றைக்குத் தரையைப் பார்த்திருப்பார்கள்.

செலவழிக்காவிட்டாலும் குற்றம். ஒதுக்கிய பணத்தை அடுத்த இரண்டு வருட முடிவுக்குள் கணக்குக் காட்டி வாங்கவில்லை என்றால் தானாகவே ஆணையத்துக்குத் திரும்பிவிடும் என்று 2000 வாக்கில் ஒரு விதி வந்தது. மார்ச் மாதத்தில் நம் அரசு அலுவலகங்களில் திடீரென்று நாற்காலி மாறுவதையும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

விளம்பர விதிகள்தான் இதில் மகுடம். 2006-ல் வந்த ஒழுங்குமுறை சொன்னது: பொதுப்பணப் பங்கு 5 லட்சம் யூரோவைத் தாண்டும் கட்டுமானம் என்றால் தளத்தில் பெரிய பலகை வைக்க வேண்டும், அதில் குறைந்தது 25 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒதுக்க வேண்டும். வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் அதை எடுத்துவிட்டு நிரந்தரக் கல்வெட்டு. கொடியின் நீலம் இந்த நீலம்தான், மஞ்சள் இந்த மஞ்சள்தான் என்று அச்சகத்துக்கான மை எண் வரை உண்டு. 2014 விதி இன்னும் ஒரு படி மேலே போய், கொடிக்குப் பக்கத்தில் வரும் எழுத்துக்கு எட்டே எட்டு எழுத்துருக்களை அனுமதித்தது. ஏரியல் ஆகலாம், கேரமண்ட் ஆகலாம், வெர்டானா ஆகலாம். சாய்வெழுத்து கூடாது. அடிக்கோடு கூடாது. சட்டத்தில் அப்படியே இருக்கிறது, சத்தியமாக.

நம் ஊரில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. பேருந்து நிழற்குடையில் எம்.எல்.ஏ. பெயர் எந்த எழுத்துருவில் வேண்டுமானாலும் வரும். குடையைவிடப் பெரிதாகவும் வரும். ஐரோப்பாவில் தலைவர் படத்துக்குப் பதில் கொடியின் 12 நட்சத்திரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை நுணுக்கமாக மில்லிமீட்டர் பார்க்கிற கண்டத்தில், அரை மீட்டர் எப்படித் தப்பியது என்பதற்கு லௌஃபன்பர்க் கதை. ரைன் நதியின் இரு கரையிலும் லௌஃபன்பர்க் என்றே ஊர் இருக்கும். ஒரே ஊராக இருந்ததுதான். நெப்போலியன் காலத்தில் ஆற்றையே எல்லையாக்கி, ஒரு பாதியை ஜெர்மன் பக்கமும் மறு பாதியை ஸ்விஸ் பக்கமும் தள்ளிவிட்டார்கள். 2003-ல் இரு நாடுகளும் சேர்ந்து அங்கே புதுப் பாலம் கட்டின. இரண்டு கரையிலிருந்தும் வேலை.

உயரத்தை எங்கிருந்து அளப்பது? ஜெர்மனிக்கு ஆம்ஸ்டர்டாமில் குறித்த வடகடல் மட்டம். ஸ்விட்சர்லாந்துக்குக் கடலே இல்லை என்பதால், ஜெனீவா ஏரிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறையை அடிப்படையாக வைத்து, அதன் உயரத்தை மத்தியத் தரைக்கடலிலிருந்து கணக்கிட்டிருந்தார்கள். இந்த இரண்டு கணக்குக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது தெரியாமல் நடந்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் திருத்தமும் போட்டார்கள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தார்களா, கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினார்களா, ஏதோ ஒரு குறி மாறிப்போனது. 27 அழிவதற்குப் பதில் 54 ஆனது. பாலம் பாதி வளர்ந்த பிறகு யாரோ கவனித்தார்கள். ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிக்கட்டி, 2004 டிசம்பரில் திறந்தும் விட்டார்கள். இரண்டு நாட்டுப் பொறியாளர்களும் ஒரு சொட்டு அலட்சியம் காட்டாத ரகம் என்று உலகம் பேசும். ஐந்தாம் வகுப்பில் கணக்குக்குக் குட்டு வாங்கியவர்கள் அனைவரும் இந்தச் செய்தியை நிம்மதியோடு படிக்கலாம்.

மறுபடி செர்தான்யா பள்ளத்தாக்கு. 1660-ல் குமாஸ்தாக்கள் கிழித்த கோட்டின் இரு பக்கமும் இப்போது சுமார் 30,000 பேர். பனிச்சறுக்குக் காலத்தில் பல மடங்கு கூட்டம். பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் பெர்பின்யான் வரை சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி விழுந்தால் அதுவும் இழுபறி. ஸ்பெயின் பக்கத்து ஊரோ கண்ணுக்கு எதிரே. சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி கட்டினால் என்ன என்று 2003-ல் ஆய்வு தொடங்கியது.

இடம் புய்ச்செர்தா, எல்லையிலிருந்து நடக்கிற தூரம். 64 படுக்கை. கட்டடச் செலவில் சுமார் 60 சதவீதம் ஐரோப்பிய நிதி. மிச்சத்தை ஸ்பெயினின் கட்டலோனியா மாநிலமும் பிரான்சும் 60-க்கு 40 என்று பிரித்துக்கொண்டன. 2010-ல் இதற்கென்றே இரு நாட்டுக்கும் பொதுவான சட்ட அமைப்பு ஒன்றை உண்டாக்கினார்கள். 2012-ல் கட்டடம் தயார். கதவு திறந்தது 2014 செப்டம்பரில். நடுவில் இரண்டு வருடம் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஸ்பெயினில் பொருளாதார நெருக்கடி. அது போக, பிரெஞ்சு மருத்துவரின் பட்டம் இங்கே செல்லுமா, பிரெஞ்சு நோயாளியின் காப்பீடு எந்தக் கணக்கில், நர்சுக்கு எந்த நாட்டு விடுமுறை என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். செங்கல் அடுக்குவது சுலபம். இரண்டு நாட்டுக் குமாஸ்தாக்களை ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைப்பதுதான் நிஜமான கட்டுமானம். எல்லைத் திட்ட நிர்வாகம் என்பது முக்கால்வாசி அதுதான்.

திறந்த பிறகும் வேடிக்கை ஓயவில்லை. பிரெஞ்சுத் தம்பதிக்கு அங்கே குழந்தை பிறந்தால், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த அந்தக் குழந்தை காகிதத்தில் வெளிநாட்டில் பிறந்தது. இறப்பு அதைவிட மோசம். ஆம்புலன்ஸில் சில நிமிடத்தில் எல்லையைக் கடந்து வந்தவர், வைத்தியம் பலிக்காமல் கண்ணை மூடிவிட்டால், அதே சாலையில் திரும்பிப் போவது சர்வதேசப் பிண ஏற்றுமதி ஆகிவிடும். அடைத்து முத்திரையிட்ட பெட்டி, அனுமதிச் சீட்டு, எல்லாம் வேண்டும். துக்க வீட்டில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிலை. கடைசியில் 2017-ல் பிரான்சும் ஸ்பெயினும், உடலைத் தரைவழியே கொண்டுபோவதற்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டன. அதற்குத் தீவு எதுவும் தேவைப்படவில்லை.

இத்தனை கிண்டலுக்குப் பிறகும் சொல்கிறேன், மஸாரனும் ஆரோவும் 24 கூட்டம் போட்டுப் பிரித்த பள்ளத்தாக்கில் அந்த ஆஸ்பத்திரி நன்றாகவே ஓடுகிறது. பிரனீஸ் பக்கம் பனிச்சறுக்கு விளையாடப் போகும் வாசகர்கள் யாராவது இருந்தால் கவலை வேண்டாம். எந்த நாட்டுப் பக்கம் விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும் அங்கே கட்டுப் போட்டு அனுப்புவார்கள். காப்பீட்டுக் காகிதத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.