ஏற்கெனவே வந்தவர்

கன்னியாகுமரிக்குக் கிளம்பும் குடும்ப வேன்களில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு ஒருவருக்கென்றே எழுதி வைத்தது. அவர் ஏற்கெனவே வந்தவர். பல வீடுகளில் மாமா, சில வீடுகளில் பெரியப்பா. எத்தனை தடவை வந்தார் என்று துருவினால் ஒரே தடவைதான் என்று தெரியவரும். அதுவும் கல்யாணமான புதிதில், ஒரு மார்கழியில். அந்த ஒரு பயணத்தின் பலத்தில் முக்கடலும் தன் பேருக்குப் பட்டா ஆகிவிட்டது என்று நினைப்பு.

வரும் வழியிலேயே ஸ்தல புராணம் தொடங்கிவிடும். பகவதி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பி வந்து பாறையில் மோதிய கப்பல், திருநெல்வேலியில் சொல்லும்போது ஒன்று. வள்ளியூரில் டீ குடிக்கும்போது மூன்று. சன்னிதியில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கையில் ஒரு கடற்படையே மூழ்கிவிடும். கிழக்கு வாசலை ஆண்டில் சில நாட்கள் தவிர மூடியே வைத்திருப்பது அதனால்தான் என்று ஊரே சொல்கிறது. மாமா சொல்லும் கணக்கைக் கேட்டால் அந்தச் சில நாட்கள்கூடத் திறக்க பயமாக இருக்கும்.

லாட்ஜில் சூரிய உதயத்துக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். மாமாவுக்கு அது போதாது. நாலரைக்கே, "சூரியன் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாடா?" என்று போர்வையை உருவுவார். மொட்டை மாடியில் கொட்டாவி விட்டபடி குடும்பமே நிற்கும். கிழக்கே கனத்த மேகம். ஆறாயிற்று, ஆறேகாலாயிற்று, வெளிச்சமும் பரவியாயிற்று. ஆளைக் காணோம். "நான் வந்தப்ப சொய்ங்னு கடல்லேருந்து மேல வந்துச்சு." கடைசியில் மேகத்துக்கு மேலே ஒருவழியாகத் தலைகாட்டிய சூரியனை, ஆபீசுக்குத் தாமதமாக வந்த குமாஸ்தாவைப் பார்க்கும் மேனேஜர் மாதிரி பார்த்தார்.

படகுத்துறை வரிசை இவரிடம் செல்லாது. "பின்னாடி ஒரு வழி இருக்கு, வாங்க." அந்த வழியில் இப்போது நேந்திரங்காய் சிப்ஸ் கடை. திரும்பி வருவதற்குள் இரண்டு ஆந்திரா பஸ் வரிசையில் இறங்கிவிட்டது. வெயிலில் நின்றவர்களை, 1892-இல் விவேகானந்தர் இந்தப் பாறைக்கு நீந்தியே போனார் என்று சொல்லித் தேற்றினார். வரிசையின் நீளத்தைப் பார்த்தால் அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

திருவள்ளுவர் சிலைமீது அவருக்கு ஒரு மனத்தாங்கல். 2000 ஜனவரி 1-ஆம் தேதி, இவரை ஒரு வார்த்தை கேட்காமல், திறந்துவிட்டார்கள். அக்கா பையன், "பீடம் 38 அடி, அது அறத்துப்பால். சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். மொத்தம் 133" என்று ஒப்பித்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமா மட்டும் குனிந்தார். "நான் வந்தப்ப இது வெறும் பாறை. அதுல ஒரு அழகு இருந்துச்சு."

கண்ணாடிப் பாலம் இன்னும் மோசம். 2024 டிசம்பரில் திறந்த பாலம். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவரிடம் போக மறுபடி படகேற வேண்டும். கடல் சரியில்லை என்றால் அதுவும் கிடையாது. இப்போது 77 மீட்டர் நடந்தால் போதும். குழந்தைகள் கண்ணாடியில் குப்புறப் படுத்து அலையைப் பார்த்துக் கத்தின. மாமா கைப்பிடியை விடாமல், எதிரிலேயே பார்வையை நிறுத்தி, ஏதோ மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு கடந்தார். "படகுல போற சுகம் இதுல இல்ல" என்று அக்கரையில் தீர்ப்பு வந்தது.

காந்தி மண்டபத்தில், அக்டோபர் 2 அன்று சூரிய ஒளி விழும் இடத்தை மே மாத மத்தியானத்தில் எல்லோரையும் பார்க்கவைத்தார். அதையும் பார்த்தோம்.

மாலையில் அஸ்தமனம். டிரைவர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த மாசத்துல இங்கேருந்து கடல்ல விழாது சார். வடக்கால ஒதுங்கிரும். சன்செட் பாயிண்டுக்கு விட்டா கொஞ்சம் நல்லாத் தெரியும்."

"நீங்க இங்க எத்தனை தடவை வந்திருக்கீங்க தம்பி?"

"வாரா வாரம் வர்றேன் சார்."

"நான் வந்தப்ப இங்கதான் விழுந்துச்சு."

முக்கடல் கரையில் வரிசையாக உட்காரவைத்தார். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் இரண்டு சுற்று ஓடியது. பாசிமாலைக்காரர்கள் பேரம் பேசி அலுத்துப் போனார்கள். சூரியன் சாய்ந்து, கடல் பக்கமே திரும்பாமல், ஊருக்குள் ஒரு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. யாரும் பேசவில்லை. மாமா அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தத் தொட்டி அப்ப கிடையாது."