ராஜகிரி அடிவாரத்து டைரக்டர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் அவரைப் பார்த்துவிடலாம். இரண்டு கை விரல்களையும் சட்டம் போலக் கோத்து, அதன் வழியாக டீ மாஸ்டரை ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பார். வயது இருபத்து நாலு, இருபத்தைந்து. இன்ஜினியரிங் படித்தவர், இரண்டு பேப்பர் இன்னும் அவரை விடவில்லை. வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் டைரக்டர். குறும்பட டைரக்டர் இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் கிடையாது. செஞ்சிக்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம்: கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோட்டை வந்து ஃபிரேமுக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

அவருடைய படங்களை ஊரே பார்த்திருக்கிறது. லிங்க்கை அனுப்பிவிட்டு, மறுநாள் நேரில் வந்து “பாத்தீங்களாண்ணா?” என்று கேட்பவரிடம் எப்படித் தப்புவது? படம் அலாரத்தில் தொடங்கும். ஹீரோ கையை நீட்டி அதை அமுக்குவான். பல் துலக்குவான். கண்ணாடியில் தன்னையே வெறிப்பான். எட்டு நிமிடப் படத்தில் மூன்று நிமிடம் இதிலேயே போய்விடும். பிறகு பியானோ. ஹீரோ ஸ்லோமோஷனில் நடப்பான். வழியில் நண்பன் ஒருவன் சேர்ந்துகொண்டு நிறைய அறிவுரை சொல்வான். கடைசியில்தான் தெரியும், அந்த நண்பன் போன வருடமே பைக் விபத்தில் செத்துப்போனவன். சில படங்களில் செத்தவன் ஹீரோ. ஒரு படத்தில் இரண்டு பேருமே செத்திருந்தார்கள். அப்படியானால் அலாரத்தை அமுக்கியது யார் என்று கேட்டேன்.

“அதாண்ணா ஓப்பன் எண்டிங்” என்றார்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது. அதன் பெயர் காசு. அலாரக் காட்சிக்கு ஒரே நடிகன் போதும், அவனும் வீட்டுக்காரன், கட்டில் இலவசம். பிளாஷ்பேக் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்குக் காரணம், அது வேறொரு கேமராவில் எடுத்தது, இரண்டு கலரும் ஒட்டவில்லை. நாயகி படத்தில் வரவே மாட்டாள், போனில் மட்டும் பேசுவாள்; நடிக்க ஒப்புக்கொண்ட பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருக்கும். வசனமே இல்லாத படம் என்றால் ஆடியோ பாழ் என்று அர்த்தம். ஹீரோ தற்கொலை செய்துகொண்டால், அவனுக்கு மறுநாளிலிருந்து லீவு கிடைக்கவில்லை.

கேமராவும் அவருடையது இல்லை. கல்யாண ஸ்டூடியோக்காரருடையது. முகூர்த்தம் இல்லாத நாளில்தான் கொடுப்பார். ஆகவே செஞ்சியின் கலைப்படங்கள் எல்லாம் ஆடியிலும் மார்கழியிலும் பிறக்கின்றன. மார்கழி நல்ல மாதம். பனிமூட்டத்துக்குத் தனியாகப் புகை போட வேண்டாம். ஆடியில்தான் சிக்கல். அம்மியே பறக்கும் காற்றில் மைக் என்ன ஆகும்? அதற்காக அவர் மைக்குக்குச் சடைமுடி வைத்த உறை ஒன்று வாங்கினார். கோட்டையில் அதை நீட்டிப் பிடித்த முதல் நாளே ஒரு தாய்க்குரங்கு அதைத் தன் இனத்துக் குட்டி என்று முடிவு செய்து, பறித்துக்கொண்டு மதில் ஏறிவிட்டது. இன்றுவரை திருப்பித் தரவில்லை. அந்தப் படமும் வசனமில்லாப் படம்.

இதற்காக அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. இருவர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு உண்டு, கேமரா அதைத் தாண்டினால் எதிரெதிரே நிற்கிறவர்கள் ஒரே திசையைப் பார்ப்பது போலாகிவிடும் என்று டீக்கிளாஸ்களை வைத்து விளக்குவார். படத்தில் தாண்டியிருப்பார், அது வேறு. நம் ஊர்க் கரண்டு நொடிக்கு ஐம்பது சுற்று. ஷட்டரை ஐம்பதில் ஒன்றாக வைத்தால் ட்யூப்லைட் ஒழுங்காகப் பதியும், அறுபதில் வைத்தால் துடிக்கும். இதுவும் தெரியும். ஒருமுறை மறதியாக அறுபதில் எடுத்துவிட்டார். படம் முழுக்க வெளிச்சம் துடித்தது. “ஹீரோவோட மென்டல் ஸ்டேட்ணா” என்றார்.

ரூம் டோன் என்று ஒன்று இருக்கிறது. காட்சி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடி நிற்க, அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது. எடிட்டிங்கில் வசனத் துண்டுகளுக்கு நடுவே இதைப் போட்டு நிரப்பாவிட்டால், ஒலி விட்டு விட்டுக் கேட்கும். அவருடைய சித்தி வீட்டில் அது நடந்ததைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து அசையாமல் நிற்கிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும் நெல் லாரி ஹாரன் அடித்தது. குக்கர் விசில் போட்டது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த சித்தி பதறிப்போய், “யார்ரா செத்துட்டா?” என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் படத்தில் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது, மொத்தப் படத்திலும் நடிப்பென்று சொல்ல அது ஒன்றுதான்.

அவரைக் கிண்டல் செய்தால் உலக வரலாற்றை எடுப்பார். எடுக்க அவருக்கு உரிமையும் உண்டு. சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். 1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படம் ஒன்றில், தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் குழாயை மிதித்துக்கொள்கிறான். தண்ணீர் ஏன் வரவில்லை என்று இவர் குழாய்க்குள் பார்க்க, அவன் காலை எடுக்க, முகத்தில் பீச்சுகிறது. ஒரு நிமிடம்கூட இல்லை, அதற்குள் டுவிஸ்ட்! கடைசியில் “எல்லாம் நினைப்புதான்” என்று முடிப்பதும் பழைய வித்தை. ‘அவுல் கிரீக் பாலம்’ கதையை வைத்து ராபர்ட் என்ரிகோ எடுத்த பிரெஞ்சுக் குறும்படத்தில், தூக்குக் கயிறு அறுந்து தப்பி ஓடுகிறவன் உண்மையில் ஓடவே இல்லை. அது கான் விழாவிலும் பரிசு வாங்கியது, ஆஸ்கரும் வாங்கியது. “அவன் பண்ணா ஆஸ்கரு, நான் பண்ணா காமெடியா?” என்கிறார். பதில் சொல்வது கஷ்டம். என்ரிகோவின் ஆள் ஓடும்போது நாமும் மூச்சு வாங்குகிறோம், இவருடைய ஆள் ஓடும்போது செருப்பைப் பார்க்கிறோம் என்று சொல்லலாம். சொன்னால் டீக்குக் காசு நாம் கொடுக்க வேண்டிவரும்.

அவருடைய நம்பிக்கைக்கு ஊக்கம் கொடுத்தது கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’. அதில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் 2012இல் ‘பீட்சா’ எடுத்தார். அதே ஆண்டு பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்று பெரிய படமாக்கினார். அடுத்த ஆண்டு நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்த நம்மவர், அங்கேயே தன் தொழிலை முடிவு செய்துவிட்டார்.

எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் வேறு. எண்ணூறு அடி உயர ராஜகிரி மலையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அலாரத்தை எடுக்கிறாரே! செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதையைக் கேளுங்கள். இருபது சொச்சம் வயசுப் பிள்ளை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரை வீரர்களோடு போனான். 1714இல் களத்தில் மாண்டான். கதைப்பாடலில் அவனுக்காக உயிரைக் கொடுக்க ஒரு முஸ்லிம் நண்பன் வேறு இருக்கிறான். சின்ன ஆயுள், ஒரே முடிவு, நடுவில் நட்பு: குறும்படத்துக்கென்றே செய்து வைத்த கதை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து முழுநீளப் படமாகவே வந்தது. இதைச் சொன்னால் டைரக்டர் விரல் விட்டு எண்ணுகிறார். குதிரைக்கு விலங்கு நல வாரியத்தில் அனுமதி. கோட்டைக்குத் தொல்லியல் துறையில் அனுமதி. அதுவும் கிடைத்தாலும், வெயில் பொன்னாகிற நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள்.

“சரி, மராட்டிய மன்னர் ராஜாராம்? மொகலாயப் படை வருஷக்கணக்கில் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டதே?”

“அது வெப் சீரிஸ்ணா.”

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஊரில் பட்டாசு வெடித்தார்களோ இல்லையோ, டைரக்டர் தன் போஸ்டர் வாசகத்தில் ‘உலகத்தர லொகேஷன்’ என்று சேர்த்துக்கொண்டார். படம் எடுத்தது சித்தி வீட்டு மொட்டை மாடி. மூலையில் கோட்டை தெரிகிறது என்பது அவர் வாதம். தெரியத்தான் செய்கிறது, மங்கலாக. பின்னணி மங்கினால்தான் சினிமா என்பது அவருடைய ஒற்றை லென்ஸின் கொள்கை.

இப்போது அடுத்த படத்துக்குக் கதை தயார். அப்பா–மகன் கதையாம். அப்பா வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. போன படத்தில் இருபத்து மூன்று வயது நண்பன் தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு அப்பாவாக நடித்தான். நெஞ்சுவலிக் காட்சியில் இருமும்போதெல்லாம் பவுடர் புகையாகக் கிளம்பியது. ஆகவே ஐம்பதைத் தாண்டிய வாசகர்கள் யாராவது வரும் ஆடியில் செஞ்சிப் பக்கம் வந்தால், டீக்கடையில் விசாரியுங்கள். சம்பளம் கிடையாது, மதியம் சித்தி சாப்பாடு உண்டு. வேட்டியை நீங்களே கொண்டு வர வேண்டும்.