கிளாஸைக் காணோம், கண்டவர் உண்டா?

ஜாவாவிலும் பிஹெச்பியிலும் வெப் அப்ளிகேஷன் எழுதுவோரின் சந்தேகங்களுக்கு இந்த முறை பதில்.

கே: என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’. சர்வருக்கு என் மேல் என்ன கோபம்?

ப: சர்வருக்குக் கோபமில்லை, உங்கள் எடிட்டருக்குத்தான் உங்கள் மேல் பாசம் அதிகம். கேட்ட ஜாரையெல்லாம் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறது. டாம்கேட் அப்படிச் செல்லம் கொடுக்காது. ஜாவாவின் சொந்த கிளாஸ்களையும் சர்வ்லெட் ஏபிஐ போன்ற சர்வரின் கிளாஸ்களையும் தவிர மற்ற எதைக் கேட்டாலும் முதலில் உங்கள் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள ‘கிளாஸஸ்’, அடுத்து ‘லிப்’, அங்கும் கிடைக்காவிட்டால் தன்னுடைய சொந்த லிப் என்று வரிசையாகப் பார்க்கும். உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது.

வார் ஃபைல் என்பது வெறும் ஜிப்தான். ‘ஜார் டிஎஃப்’ கட்டளை கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். தேவையான ஜார் அதில் இல்லையென்றால் கோடைக் குடைய வேண்டாம், பில்டைப் பாருங்கள். எக்லிப்ஸும் மேவனும் வைத்திருப்பவர்கள் புராஜெக்டின் ‘டிப்ளாய்மென்ட் அசெம்ப்ளி’ பக்கத்தில் ‘மேவன் டிபென்டன்ஸீஸ்’ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் ‘கான்டெக்ஸ்ட் லோடர் லிசனர்’ காணவில்லை என்ற பழம்பெரும் புகார் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

கே: ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’, ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ – இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. முதலாவது, யாரோ ஒரு பெயரை எழுத்தாகக் கொடுத்து ‘இதை ஏற்று’ என்று கேட்டு, அது கிடைக்காதபோது வருவது. வெப் எக்ஸ்எம்எல்லில் எழுதிய சர்வ்லெட் பெயர், கான்ஃபிக்கில் எழுதிய டிரைவர் பெயர் எல்லாம் இந்த ரகம். எழுத்துப் பிழைக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. இரண்டாவது, கம்பைல் ஆகும்போது இருந்த கிளாஸ், ஓடும்போது இல்லாமல் போவது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட மாமா மண்டபத்துக்கு வரவில்லை என்கிற மாதிரி. ஆக, இதில் எழுத்துப் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கம்பைலர் அதை முன்பே பார்த்துவிட்டது. பெயரின் நடுவே புள்ளிகளுக்குப் பதில் சாய்கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான்.

கே: ஜார் இருக்கிறது, கிளாஸும் உள்ளே இருக்கிறது. ஆனாலும் ‘நோ கிளாஸ் டெஃப்’ என்று சாதிக்கிறதே!

ப: எரரை முழுக்கப் படியுங்கள். ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று இருக்கிறதா? அப்படியானால் கிளாஸ் கிடைத்தது. அதன் ஸ்டாட்டிக் பிளாக் ஓடும்போதுதான் விழுந்தது. முதல் முறை விழும்போது ‘எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைஸர் எரர்’ என்று உண்மையான காரணத்தோடு லாகில் பதிவாகும். அதன் பிறகு அந்த கிளாஸை ஜேவிஎம் ஒதுக்கி வைத்துவிடும். யார் கேட்டாலும் ‘நோ கிளாஸ் டெஃப்’ ஒன்றே பதில். லாகின் கடைசிப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் விடை வராது. மேலே ஏறி அந்த முதல் எரரைப் பிடியுங்கள். இல்லாத ஒரு ப்ராப்பர்ட்டி ஃபைல், செட் செய்யாத ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் என்று ஏதாவது சில்லறை விஷயம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

கே: டாம்கேட் 9இலிருந்து 10க்கு மாறினேன். ‘ஜாவாக்ஸ் சர்வ்லெட்’ காணவில்லை என்கிறது. சர்வ்லெட்டே இல்லாத சர்வரா?

ப: சர்வ்லெட் இருக்கிறது, வீடு மாறிவிட்டது. ஆரக்கிள் 2017இல் ஜாவா இஇயை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் ‘ஜாவாக்ஸ்’ பெயரில் புதிய மாற்றங்கள் செய்யும் உரிமை பற்றிய பேச்சு உடன்பாட்டுக்கு வரவில்லை. அதனால் ஜாவா இஇயின் புதிய அவதாரமாக 2020 டிசம்பரில் வந்த ஜக்கார்த்தா இஇ 9இல் பேக்கேஜ் பெயர்கள் ‘ஜக்கார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 9 பழைய பெயரைப் பேசும். 10 புதிய பெயரை மட்டும் பேசும். ஸ்பிரிங் பூட் 3ம் புதிய பெயர்க்காரர்தான்.

வழிகள் மூன்று. டாம்கேட் 9க்கே திரும்பலாம். கோடையும் லைப்ரரிகளையும் புதிய பெயருக்கு மாற்றலாம். அவசரமென்றால் டாம்கேட் 10இல் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ என்ற ஃபோல்டரில் பழைய வார் ஃபைலைப் போடுங்கள். டாம்கேட்டே அதை மாற்றி ஓட்டும்.

கே: அப்படியானால் கோடு முழுக்க ‘ஜாவாக்ஸ்’ என்பதை ‘ஜக்கார்த்தா’ என்று ஒரே அடியாக மாற்றிவிடலாமா?

ப: கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். ‘ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல்’, ‘ஜாவாக்ஸ் நேமிங்’, ‘ஜாவாக்ஸ் கிரிப்டோ’ இவையெல்லாம் ஜாவாவோடு வருபவை, பெயர் மாறவில்லை. மொத்தமாக மாற்றினால் ஒரு எரர் போய் நூறு எரர் வரும்.

கே: சர்வ்லெட் ஜாரை நானே வெப்-இன்ஃப் லிப்பில் போட்டேன். லாகில் ‘ஜார் நாட் லோடட்’ என்று திட்டுகிறது.

ப: நியாயமான திட்டு. சர்வ்லெட் ஏபிஐ சர்வரின் சொத்து. அப்ளிகேஷன் தன் பங்குக்கு இன்னொன்று கொண்டுவரக் கூடாது என்பது சர்வ்லெட் விதி. மேவனில் அதற்கு ‘புரொவைடட்’ என்று ஸ்கோப் கொடுங்கள்: கம்பைலுக்கு உதவும், வார் ஃபைலில் ஏறாது. அதே சூட்டில் மற்ற லைப்ரரிகளுக்கும் ‘புரொவைடட்’ போட்டுவிட்டு ‘காணோம்’ என்று அடுத்த வாரம் எழுதாதீர்கள்.

கே: மைஎஸ்க்யூஎல் டிரைவர் ஜார் வெப்-இன்ஃப் லிப்பில் இருக்கிறது. டாம்கேட்டில் அமைத்த டேட்டா சோர்ஸ் மட்டும் ‘டிரைவரைக் காணோம்’ என்கிறது. கண் தெரியாதா?

ப: கேட்பவர் யார் என்று பாருங்கள். அந்த கனெக்ஷன் பூலை உருவாக்குவது உங்கள் அப்ளிகேஷன் அல்ல, டாம்கேட். கிளாஸ் லோடர்களில் பிள்ளை பெற்றோரிடம் கேட்கலாம். பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வழியில்லை. டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கே: சாதாரண ரிக்வெஸ்டில் கிடைக்கும் கிளாஸ், ‘கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர்’ உள்ளே மட்டும் கிடைப்பதில்லை. பேயா?

ப: முந்தைய கேள்வியின் தம்பிதான் இது. ஜாவா 9 முதல் பொதுவான ஃபோர்க்-ஜாயின் பூலின் த்ரெட்கள் உங்கள் அப்ளிகேஷனின் லோடரைச் சுமப்பதில்லை. சிஸ்டம் லோடரைச் சுமக்கின்றன. த்ரெடின் கான்டெக்ஸ்ட் லோடரை நம்பித் தேடும் லைப்ரரிகள் அங்கே திணறும். சொந்தமாக ஒரு எக்ஸிக்யூட்டரை உருவாக்கி, சரியான லோடரைக் கொடுத்து, வேலையை அதில் விடுங்கள்.

கே: ஜாவா 8இலிருந்து 11க்குப் போனதும் ‘ஜேஏஎக்ஸ்பி’ காணாமல் போனது. யாரிடம் புகார் கொடுக்க?

ப: புகார் செல்லாது. ஜாவா 9இலேயே ‘எடுக்கப் போகிறோம்’ என்று அறிவித்து, 2018 செப்டம்பரில் வந்த 11இல் எடுத்தார்கள். மேவனில் ஏபிஐ ஒன்று, அதை இயக்கும் ரன்டைம் ஒன்று என இரண்டையும் தனியே சேர்க்க வேண்டும். ஏபிஐயை மட்டும் சேர்த்தால் எரர் தீராது, இடம்தான் மாறும்.

கே: ‘இந்த கிளாஸை இதே கிளாஸாக மாற்ற முடியாது’ என்கிறது. புத்தி பேதலித்துவிட்டதா?

ப: தெளிவாகத்தான் பேசுகிறது. ஜேவிஎம்முக்குப் பெயர் மட்டும் அடையாளமல்ல. பெயரும் ஏற்றிய லோடரும் சேர்ந்தால்தான் அடையாளம். ஒரே ஜார் டாம்கேட் லிப்பிலும் வெப்-இன்ஃப் லிப்பிலும் இருந்தால் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒன்றை நீக்குங்கள். ‘நோ சச் மெத்தட் எரர்’ வந்தால் அது ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் செய்யும் சண்டை. ‘மேவன் டிபென்டன்ஸி ட்ரீ’ போட்டால் யார் யாரைக் கூட்டிவந்தார் என்று தெரியும். ‘வெர்போஸ் கிளாஸ்’ ஆப்ஷன் கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து ஏறியது என்பதை ஜேவிஎம்மே எழுதிக்காட்டும்.

கே: நாங்கள் பிஹெச்பிக்காரர்கள். எங்களுக்கும் இந்தத் துன்பம் உண்டே?

ப: உண்டு, மூன்று வடிவத்தில். ஒன்று: நேம்ஸ்பேஸுக்குள் நின்று ‘நியூ டேட்டைம்’ என்று எழுதினால் பிஹெச்பி உங்கள் நேம்ஸ்பேஸில் மட்டுமே தேடும். ஃபங்ஷனுக்கு உள்ள சலுகை கிளாஸுக்குக் கிடையாது. முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள், அல்லது ‘யூஸ்’ எழுதுங்கள். இரண்டு: விண்டோஸில் ஓடியது லினக்ஸில் ஓடாது. கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை பிஹெச்பி மன்னிக்கும். ஃபைல் பெயரில் லினக்ஸ் மன்னிக்காது. மூன்று: புரொடக்ஷனில் ‘நோ-டெவ்’ கொடுத்து கம்போஸரை ஓட்டியிருப்பீர்கள். லாரவெல் சீடர் ‘ஃபேக்கர்’ காணவில்லை என்று அழுதால் காரணம் அதுதான்.

கே: டாம்கேட் ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிசனர்கள் தொடங்கவில்லை’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. விவரம் எங்கே?

ப: பக்கத்து ஃபைலில். ‘கேட்டலினா’ லாகை மட்டும் பார்த்தால் இவ்வளவுதான். அதே ஃபோல்டரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்கி அன்றைய தேதி போட்ட லாக் இருக்கும்; ஸ்டாக் ட்ரேஸ் அங்கே. அதில் கடைசியாக வரும் ‘காஸ்ட் பை’ வரியிலிருந்து படியுங்கள். மேலே இருப்பவை எல்லாம் கேட்டதைத் திருப்பிச் சொல்பவை.

கே: காணாத கிளாஸ் உள்ள ஜாரை நெட்டில் தேடி எடுத்து லிப்பில் போட்டுக்கொண்டே போகிறேன். ஒன்று போட்டால் இன்னொன்று கேட்கிறது. எப்போது முடியும்?

ப: முடியாது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் துணை லைப்ரரிகள் உண்டு. கையால் போடுகிறவர் ஏதாவது ஒன்றின் வெர்ஷனைத் தவறவிடுவார். மேவனோ கிரேடிலோ செய்யட்டும். நீங்கள் போட்ட ஜார்களை முதலில் அகற்றுங்கள்.

கே: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேனேஜர் ‘எப்போது சரியாகும்?’ என்கிறார். என்ன சொல்வது?

ப: எந்தப் பெயரை, எந்த லோடர், எந்த இடத்தில் தேடியது – மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் தைரியமாக நேரம் சொல்லுங்கள். இல்லையென்றால் வாய் திறக்காதீர்கள். அது பற்றிப் பேச மீட்டிங் போட்டுவிடுவார்.