27ஆவது முற்றுகை

எடின்பரோ கோட்டை ஸ்காட்லாந்துத் தலைநகரின் நடுவில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 130 மீட்டர் உயரத்தில் ஒரு கரும்பாறையின் உச்சியில் இருக்கிறது. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஓர் எரிமலையின் தொண்டைக்குள் குழம்பு இறுகி உண்டான பாறை அது. பின்னாளில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்களால் அதை அசைக்க முடியவில்லை. அவை இரு பக்கமும் விலகிப்போக, பாறையின் மறைவில் கிழக்குப் பக்கத்து நிலம் மட்டும் அரிபடாமல் நீண்ட சரிவாக மிஞ்சியது. ராயல் மைல் என்னும் பழைய தெரு அந்தச் சரிவின் முதுகில்தான் ஏறுகிறது. மற்ற மூன்று பக்கமும் செங்குத்து. ஆகவே படையெடுத்து வந்தவனுக்கும் சரி, பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வரும் பயணிக்கும் சரி, வழி ஒன்றுதான். அதுவும் மேட்டு வழி.

1,100 ஆண்டுகளில் இந்தக் கோட்டை 26 முறை முற்றுகையிடப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1314இல் ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையை ஸ்காட்லாந்துத் தளபதி தாமஸ் ராண்டால்ஃபின் ஆட்கள் 30 பேர் இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறிப் பிடித்தார்கள். பாறையில் ரகசியத் தடம் காட்டியவர் வில்லியம் பிரான்சிஸ். இளமையில் கோட்டைக்குள் வசித்தபோது ஊருக்குள் இருந்த காதலியைப் பார்க்க இரவில் இறங்கி ஏறிப் பழகிய தடம் என்று ஜான் பார்பர் என்ற பழைய கவிஞர் எழுதி வைத்திருக்கிறார். காதலுக்குப் பயன்பட்ட வழி ராணுவத்துக்கும் பயன்பட்ட அபூர்வ நேர்வு. 1341இல் வில்லியம் டக்ளஸின் ஆட்கள் வியாபாரிகள் வேடத்தில் வந்து, சரக்கை வாசலிலேயே இறக்கிப் போட்டு, மேலிருந்து விழும் கம்பிக்கதவு மூடாதபடி செய்தார்கள். 1573இல் ஆங்கிலேயப் பீரங்கிகள் டேவிட் கோபுரத்தை இடித்துத் தள்ள, இடிபாடு கிணற்றை அடைத்தது. உள்ளே இருந்தவர்கள் தாகத்துக்குப் பணிந்தார்கள்.

இன்று கோட்டையைப் பிடிக்கும் முறை, இணையத்தில் நேரம் குறித்து நுழைவுச்சீட்டு வாங்குவது. கும்பலாக வருகிறவர்கள் நேரம் தவறினால் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ளலாம். தனிப் பயணிக்கு அந்த வசதி இல்லாததால் அவர் வெகு முன்னதாகவே வந்து சேர்கிறார். வந்து, எஸ்பிளனேட் என்னும் திறந்த திடலில் காற்றோடு போராடுகிறார். எடின்பரோவில் மழைக்குக் குடை பிடிக்கலாம், காற்றுக்குத் தொப்பி அணியலாம். இரண்டும் சேர்ந்து வரும் நாளில் குடை மல்லாந்து வானத்திடம் தண்ணீர் ஏந்தும்.

திடலில் ஒரு விசித்திரம் உண்டு. 1625இல் இந்த மண்ணின் ஒரு பகுதி சட்டப்படி நோவா ஸ்கோஷியா, அதாவது இன்றைய கனடாவின் ஒரு மாகாணம், என்று கருதப்பட்டது. அங்கே நிலமும் பட்டமும் வாங்கிய பிரபுக்கள் கடல் கடந்து போய்த்தான் மண்ணைக் கையில் வாங்கவேண்டும் என்றால் பட்டம் விலைபோகாது. எனவே மன்னரின் ஆள் இங்கேயே ஒரு பிடி மண்ணும் கல்லும் எடுத்துக் கொடுக்க, நிலம் கைமாறியதாக ஆயிற்று. பார்க்காத மனையைப் பத்திரம் பதியும் கலை அப்போதே முதிர்ந்திருந்தது என்பதற்கு அங்கே ஒரு பலகை சாட்சி சொல்கிறது. தனிப் பயணி இரண்டு எட்டில் கனடா போய் வரலாம். கடவுச்சீட்டில் முத்திரை விழாது.

நுழைவாயில் பழையதுபோலத் தோன்றினாலும் 1888இல் கட்டியது. இரு பக்கமும் நிற்கும் ஸ்காட்லாந்து விடுதலை வீரர்கள் புரூஸ், வாலஸ் சிலைகள் 1929இல் வந்தவை. தன்னைச் சீண்டியவன் தண்டனையின்றித் தப்பமாட்டான் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் மேலே. அதன் கீழே வரிசையாக வந்து சீட்டைக் காட்டி உள்ளே போகிறது கூட்டம்.

படம் எடுப்பதில்தான் தனிப் பயணியின் தனிமை முதலில் தெரியவரும். கைப்பேசியை யாரிடம் கொடுப்பது? திருப்பித் தரும் முகமாகவும் இருக்கவேண்டும், ஓடினால் பிடிக்கக்கூடிய வயதாகவும் இருக்கவேண்டும். பெரும்பாலும் ஒரு முதிய தம்பதி அகப்படுவார்கள். படத்தில் பயணியின் முழங்காலிலிருந்து நெற்றிவரை தெளிவாக விழும், கோட்டை விழாது. மிகவும் நன்றாக இருப்பதாகச் சொல்லி நன்றி கூறுவதே எல்லா நாட்டிலும் மரபு.

கம்பிக்கதவு வாயிலைத் தாண்டியதும், மேலே போக 70 படிகள் கொண்ட பழைய படிக்கட்டு ஒன்றும், வளைந்து செல்லும் பாதை ஒன்றும் இருக்கின்றன. பாதை பிற்காலத்தில் பீரங்கிகளை இழுத்துச் செல்லப் போட்டது. மூட்டுவலி உள்ளவர்கள் தங்களைப் பீரங்கியாகக் கருதிக்கொள்வது நல்லது.

உச்சியில் இருப்பது புனித மார்கரெட் சிற்றாலயம். முதலாம் டேவிட் மன்னர் சுமார் 1130இல் தம் தாயின் நினைவாகக் கட்டியது. எடின்பரோவிலேயே மிகப் பழைய கட்டடம். 1314இல் ராண்டால்ஃபின் ஆட்கள் கோட்டையைப் பிடித்தபின் மன்னர் ராபர்ட் புரூஸ், ஆங்கிலேயருக்கு மறுபடி உதவக்கூடாதென்று எல்லாவற்றையும் இடிக்கச் சொன்னபோது தப்பியது இது ஒன்றே. பின்னர் வெடிமருந்துக் கிடங்காகி, தான் கோயில் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய், 1845இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஸ்காட்லாந்தில் மார்கரெட் என்று பெயர் கொண்ட பெண்கள் முறை வைத்து இங்கே பூ வைக்கிறார்கள். ஒரு சிறு குடும்பம் நுழைந்தாலே உள்ளே நெரிசல். கோட்டையில் தனியாக வந்தவருக்கு அனுகூலமான இடம் இது ஒன்றுதான்.

வெளியே நிற்கிறது மான்ஸ் மெக் என்னும் பெரும்பீரங்கி. இன்றைய பெல்ஜியத்தில் 1449இல் செய்தது. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்குப் பரிசாக வந்தது. எடை சுமார் 6 டன். அது உமிழ்ந்த கல்குண்டு ஒவ்வொன்றும் 150 கிலோ. போருக்கு எடுத்துப் போனால் நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர்தான் நகரும். எதிரி ஊரைக் காலிசெய்து பொறுமையாகப் புறப்பட அது போதும். 1558இல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் திருமணத்தைக் கொண்டாட இதைச் சுட்டார்கள். குண்டு சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி வார்டி என்னும் இடத்தில் போய் விழுந்தது. கதை அங்கே முடியவில்லை: அதைத் தேடி எடுத்துவர ஆட்களுக்குக் கூலி கொடுத்த செலவு கணக்கேட்டில் இருக்கிறது. கல்யாணத்தில் வெடித்த வேட்டைத் திரும்ப எடுத்து வரச் செய்த ஒரே அரசவை இதுவாகத்தான் இருக்கும். 1681இல் ஓர் இளவரசரின் பிறந்தநாளுக்குச் சுட்டபோது குழாய் வெடித்தது. ஆக, அதற்குச் சேதம் வந்தது போரில் அல்ல, விருந்துபசாரத்தில்.

அருகே மதிலுக்குக் கீழே ஒரு சிறு புல்தரை: படைவீரர்கள் வளர்த்த நாய்களின் கல்லறைகள். உள்ளே இறங்க அனுமதி இல்லை, மேலிருந்துதான் பார்க்கலாம்.

கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையில் 1566 ஜூன் 19இல் ஆறாம் ஜேம்ஸ் பிறந்த அறை இருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்தையும் சேர்த்து ஆண்டவர் பிறந்த அறையில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் மிஞ்சாது. மாடியில் ஸ்காட்லாந்தின் மணிமுடியும் செங்கோலும் வாளும். 1707இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நாடாளுமன்றங்கள் இணைந்தபின் இவற்றை ஒரு பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்நின்று திறக்கும்வரை தேவைப்படவில்லை. இவற்றோடு இருந்த முடிசூட்டுக் கல்லைத் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். 1296இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1950இல் மாணவர்களால் திருடப்பட்டு, 1996இல் இங்கே வந்து, 2024இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. தனிப் பயணிகளில் மூத்தவர் அந்தக் கல்தான்.

பகல் 1 மணிக்குப் பீரங்கி சுடுவது 1861இல் தொடங்கியது. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரம் சரிபார்க்க, கால்டன் குன்றின்மேல் ஒரு பந்தை உயர்த்தி இறக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. மூடுபனியில் பந்து தெரியவில்லை, சத்தம் கேட்கும். ஆனால் 3 கிலோமீட்டர் கடக்கச் சத்தத்துக்கு ஏறத்தாழ 9 நொடி ஆகும் என்பதால், எந்தப் பகுதிக்கு எத்தனை நொடி கழிக்கவேண்டும் என்று வரைபடமே போட்டார்கள். 12 மணிக்கு ஏன் சுடவில்லை என்று கேட்டால், 12 குண்டுக்கு ஆகும் செலவை ஒன்றில் முடித்தோம் என்பது உள்ளூர்க்காரர்களின் பதில். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் நாட்களில் சுடுவதில்லை.

சுடப்போவது எல்லோருக்கும் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அப்படியும் அத்தனை பேரும் துள்ளுவார்கள். குடும்பமாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சமாளிப்பார்கள். தனிப் பயணியோ தான் துள்ளவில்லை, காலை மாற்றி வைத்தேன் என்ற பாவனையில் முகத்தை வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. உணவகத்தில் அவர் படும் பாடு வேறு வகை: மேசையைக் காக்கப் பையை விட்டால் பைக்குக் காவல் இல்லை, பையை எடுத்துப் போனால் மேசை இல்லை.

மாலைக்கு இரண்டு இடங்கள் மிச்சம். போர் அருங்காட்சியகத்தில் யானையின் கால்நகங்கள் சில கண்ணாடிக்குள் இருக்கின்றன. இலங்கையில் பணியாற்றித் திரும்பிய 78ஆவது ஹைலாண்டர் படை கொண்டுவந்த யானை அது. 1830களின் கடைசியில் கோட்டையில் வாழ்ந்தது. பாகனாக இருந்த சிப்பாய்க்குப் பீர் பிரியம். இரவில் யானை ஜன்னல் வழியே துதிக்கையை நீட்டித் தன் பங்கைக் கேட்குமாம். அந்தக் குளிரில் அதைக் குறை சொல்வதற்கில்லை. நிலவறைகளில் போர்க் கைதிகள் இருந்தார்கள். 1811இல் 49 பேர் மதிலில் ஓட்டை போட்டுக் கயிற்றில் இறங்கினார்கள். இன்றைய பார்வையாளர்கள் வெளியேறும் வழியில் பரிசுப்பொருள் கடைகளைக் கடக்கவேண்டும். அதிலிருந்து தப்புகிறவர் எண்ணிக்கை குறைவு.

கோட்டைக்குள் நின்றால் கோட்டை முழுதாகத் தெரியாது. அதற்கு வடக்கே பிரின்சஸ் தெருத் தோட்டத்துக்கு இறங்கவேண்டும். நகரத்துக் கழிவெல்லாம் சேர்ந்த நார் லாக் என்ற ஏரியை வற்றவைத்து அமைத்த தோட்டம் அது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாறையும் மதிலும் கோபுரமும் ஒரே படத்தில் அடங்கும். எடுக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை, சீட்டும் வேண்டாம்.