தலைமுடிக்குப் பதில் தொப்பி

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடியிருக்கிறீர்களா? அடுத்த முறை ஆடும்போது காசு பொறுக்குவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் மேகத்தைப் பாருங்கள். பிறகு கீழே இருக்கும் புதரைப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆள். மேகத்துக்குப் பச்சை அடித்துத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1985ல் வந்த அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். உங்கள் பெரியப்பா இன்று காலை வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ அதைவிடக் கனம்.

இந்த மேகத் திருட்டின் சூத்திரதாரி ஷிகெரு மியாமோட்டோ. சரித்திரம் அவரை மேதை என்கிறது. மேதைதான், மறுப்பில்லை. ஆனால் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், விருந்தாளி வரும் நேரத்தில் கிழிந்த சோபா மீது பூப்போட்ட விரிப்பைப் போட்டு மூடி, "விரிப்பு பிரமாதம்" என்று பேர் வாங்கிவிடுகிற கெட்டிக்காரக் குடித்தனக்காரர் ஒருவர்தான் தெரிகிறார்.

1952ல், கியோட்டோவை அடுத்த சோனோபெயில் பிறந்தவர். பள்ளி விட்டால் காடு மேடு எல்லாம் சுற்றுவார். ஒருநாள் ஒரு குகை கண்ணில் பட்டது. மற்ற பிள்ளைகளாக இருந்தால் பேய் பயத்தில் ஓட்டம் பிடித்திருப்பார்கள். இவர் பிறகு விளக்கோடு திரும்பி வந்து உள்ளே போனார். அந்தத் திகிலையே 1986ல் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்று டிஸ்க்கில் அடைத்து விற்றார்கள் என்பது பின்கதை.

கனவு என்னவோ மாங்கா வரைவது. படித்தது கனசாவா கலைக் கல்லூரியில் தொழில்துறை வடிவமைப்பு. வகுப்பை விட பாஞ்சோ வாத்தியத்தின் மேல் காதல் அதிகம் என்பதால் படிப்பு ஐந்து வருஷம் இழுத்தது. முடித்த பிறகு வேலை? அங்கேதான் அப்பா வருகிறார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்கு நின்டெண்டோ முதலாளி ஹிரோஷி யமாவுச்சியைத் தெரியும். ஆம், உலக வீடியோ கேம் சரித்திரத்தின் முதல் வரி சிபாரிசில்தான் தொடங்குகிறது.

நின்டெண்டோ அப்போது எப்படிப்பட்ட கம்பெனி? 1889ல் ஹனஃபுடா சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த கடை. ஆரம்பித்தவரின் கொள்ளுப்பேரன் யமாவுச்சி முதலாளியானதும் டாக்ஸி ஓட்டிப் பார்த்தார், உடனடிச் சாதம் விற்றுப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. பிறகு பொம்மை, பிறகு மின்னணு விளையாட்டு. அவர் தேடியது இன்ஜினியர்களை. ஓவியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருந்தாலும் நண்பரின் முகத்துக்காகப் பையனைப் பார்த்தார். ஏதாவது செய்து கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார். மியாமோட்டோ கொண்டுபோனது குழந்தைகள் சட்டை மாட்டும் ஹேங்கர். யானை மாதிரி, பறவை மாதிரி மிருக வடிவ ஹேங்கர்கள். வேலை கிடைத்துவிட்டது. 1977ல் அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். ஆரம்ப வேலைகள்? டிவி விளையாட்டுப் பெட்டிக்கு மேல் மூடி வடிவமைப்பது, அடுத்தவர் செய்த ஆட்டத்துக்குப் படம் போடுவது.

இப்படியே ஓய்வூதியம் வரை போயிருக்கும். காப்பாற்றியது ஒரு படுதோல்வி.

'ராடார் ஸ்கோப்' என்று ஒரு விண்வெளிச் சுடும் ஆட்டம். அதில் 3,000 இயந்திரங்கள் கப்பலேறி அமெரிக்கா போயின. அங்கே கடை விரித்திருந்தவர் மினோரு அரகாவா, யமாவுச்சியின் மருமகன். விற்றது சுமார் ஆயிரம். மிச்சம் இரண்டாயிரமும் கிடங்கில் தூங்கின. மாமனாரிடம் போய் "சரக்கு போணியாகவில்லை" என்று சொல்லும் மருமகனின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மீந்த குழம்பைக் கொட்டவும் மனசு வராது, மறுநாள் அப்படியே பரிமாறவும் முடியாது. சுண்டவைத்துப் பேரை மாற்றவேண்டும். அந்த வேலை மியாமோட்டோ தலையில் விழுந்தது. அவர் அதுவரை முழு ஆட்டம் ஒன்றைத் தானாக உருவாக்கியதே இல்லை. மேற்பார்வைக்குக் குன்பெய் யோகோய் இருந்தார்.

முதலில் 'பாப்பாய்' கார்ட்டூனை வைத்துச் செய்யலாம் என்று பார்த்தார்கள். உரிமை கிடைக்கவில்லை. போகட்டும் என்று முரடன் புளூட்டோ இடத்தில் ஒரு கொரில்லா, காதலி ஆலிவ் இடத்தில் ஒரு பெண், பாப்பாய் இடத்தில் ஒரு தச்சர். கொரில்லா உச்சியில் நின்று பீப்பாய் உருட்டும். உருண்டு வரும் பீப்பாயை மனுஷன் என்ன செய்வான்? தாண்டுவான். ஆகவே நாயகனுக்குப் பேர் 'ஜம்ப்மேன்'. கொரில்லாவுக்கு 'டாங்கி காங்'. 'டாங்கி' என்றால் ஆங்கிலத்தில் மடையன் என்று மியாமோட்டோ நினைத்துக்கொண்டிருந்தார். கழுதை என்று அமெரிக்கர்கள் சிரித்தார்கள். அதற்குள் பேர் நிலைத்துவிட்டது.

இனிமேல்தான் கலை. முழு ஆளையும் 16க்கு 16 பிக்சலுக்குள் திணிக்கவேண்டும். பாத்ரூம் ஓடு நாலில் கடவுளை வரை என்பது மாதிரி. வாய் வரைந்தால் தெரியவில்லை. ஆகவே பெரிய மூக்கு, கீழே மீசை. தலைமுடி வரைந்தால், குதிக்கும்போது அது பறக்கவேண்டும், அதற்கு வேறு படம் போடவேண்டும், ஆகவே தொப்பி. கை அசைவது உடம்போடு கலந்துவிடுகிறது. ஆகவே சட்டைக்கு ஒரு நிறம், மேலே தோள்பட்டை வைத்த கால்சட்டைக்கு வேறு நிறம். உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த முகங்களில் ஒன்று, முழுக்க முழுக்க "இது முடியாது, சரி அதை வை" என்று உருவானது.

ஜம்ப்மேனுக்கு 'மாரியோ' என்று பேர் வந்தது அமெரிக்காவில். சியாட்டில் பக்கம் நின்டெண்டோ கிடங்கின் சொந்தக்காரர் மாரியோ செகாலி. வாடகை பாக்கிக்காக அவர் வந்து சத்தம் போட்டார், அந்த வேகத்தில் பேர் வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த இதைவிட மலிவான வழி கிடையாது. ராயல்டி இன்னும் வந்து சேரவில்லை என்று பிற்பாடு அவரே கிண்டலடித்தார்.

1981ல் டாங்கி காங் வெளியானது. அரகாவாவும் அவர் மனைவி யோகோவும், அதாவது முதலாளியின் சொந்த மகளும், கிடங்கில் உட்கார்ந்து பழைய ராடார் ஸ்கோப் இயந்திரங்களைத் திறந்து பாகம் மாற்றினார்கள். சுண்டவைத்த குழம்பு பறந்தது.

பறந்தால் சும்மா விடுவார்களா? 1982ல் யுனிவர்சல் ஸ்டுடியோ வழக்குப் போட்டது: கொரில்லா, கட்டடம், பெண் எல்லாம் எங்கள் கிங் காங்! நின்டெண்டோ வக்கீல் ஜான் கிர்பி பழைய காகிதங்களைப் புரட்டினார். சில வருஷம் முன்னால் இதே யுனிவர்சல் வேறொரு கம்பெனியோடு மல்லுக்கட்டி, கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று தானே நிரூபித்திருந்தது. தன் கையாலேயே கண்ணைக் குத்திக்கொண்ட கதை. கேஸ் முடிந்தது. வக்கீலுக்கு நின்டெண்டோ ஒரு பாய்மரப் படகு பரிசளித்தது. படகின் பேர் டாங்கி காங்.

அதற்குப் பிறகு ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு மாடல் தேடி வெளியே போகவேண்டிய அவசியமே வரவில்லை. சின்ன வயசில் சங்கிலி அறுந்துவிடுமோ என்கிற அளவுக்குப் பாய்ந்து குரைத்த நாய், சங்கிலி கட்டிய இரும்புக் குண்டாகி வந்தது. சக ஊழியர் தகாஷி தெசூகாவின் மனைவி சாது. கணவர் ராப்பகலாக ஆபீஸிலேயே கிடந்ததால் ஒருநாள் பொங்கிவிட்டார். அதைக் கேட்ட இவர்கள், முகத்தைப் பார்த்தால் வெட்கப்பட்டு நிற்கும், திரும்பினால் வாயைப் பிளந்து துரத்தும் ஒரு பேயைச் செய்துவிட்டார்கள். வில்லன் பவுசரை மியாமோட்டோ காளை ராஜாவாக நினைத்துத்தான் அட்டையில் வரைந்தார். ஆமை மாதிரி இருக்கிறதே என்று தெசூகா சொல்ல, சரி, ஆமை என்று முடிவாயிற்று.

பிறகு மியாமோட்டோ தோட்டம் போட்டார். 2001ல் 'பிக்மின்' வந்தது. நாய் வளர்த்தார், 2005ல் 'நின்டெண்டாக்ஸ்' வந்தது. தினமும் எடை பார்க்க ஆரம்பித்தார். 2007ல் 'வீ ஃபிட்' வந்து, ஊரில் உள்ளவர்களெல்லாம் டிவி முன்னால் பலகை மேல் நின்று மூச்சு வாங்கினார்கள். கடைசியில், பொழுதுபோக்கு பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவருக்குக் கம்பெனி தடை போட்டது. போட்டிக் கம்பெனி உளவு பார்க்க வேண்டியது ஆபீஸை அல்ல, அவர் வீட்டுக் கொல்லையை.

இன்று கணினிக்கு இடப் பஞ்சமில்லை. மாரியோவின் தலைமுடியை இழை இழையாக எண்ணலாம். ஆனால் தொப்பியை யாரும் கழற்றவிடவில்லை. 2017ல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிஸி'யில் அந்தத் தொப்பிக்குக் கண் முளைத்து, உயிர் வந்து, பேரும் வைத்து, துணை நாயகனாகவே ஆக்கிவிட்டார்கள். ஒசாகாவில் 2021ல் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் தலை நிறைய முடி இருந்தும், காசு கொடுத்து அதே சிவப்புத் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். சோபாவில் கிழிசல் எப்போதோ தைத்தாகிவிட்டது. விரிப்பை எடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.